படம் எடுப்பவர்களைப் படம் எடுப்பது: வாசகர் கேள்வி பதில்

கரீபியன் தீவுகளின் இன்றைய புகைப்படக் கலைஞர்களைப் பற்றிய ஒரு சுயாதீன ஆவணப்படத்தில் நான் எடிட்டராக வேலை செய்ததைப் போன இதழில் நாலு வரியில் சொல்லியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் இடமில்லாததால் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கரீபியன் என்றால் எனக்குத் தெரிந்தது கடற்கரையும் கிரிக்கெட்டும்தான். ஒரு படமே எடுக்கும் அளவுக்கு அங்கே கலைப் புகைப்படம் என்று என்ன சார் இருக்கிறது?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

தம்பி, உங்களுக்குக் கடற்கரைதான் தெரியும் என்றீர்களே, படத்தை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். அந்தக் கடற்கரைக் காட்சி தானாக வந்து நம் மனதில் உட்காரவில்லை. யாரோ அதை எடுத்து, அச்சடித்து, போஸ்ட்கார்டாக விற்று, நூறு வருஷத்துக்கு மேலாக நம் கண்ணில் பதிய வைத்திருக்கிறார்கள். மஞ்சள் காய்ச்சலும் காலராவும் பிடிக்கும் இடம் என்று வெள்ளைக்காரர்கள் பயந்துகொண்டிருந்த தீவுகள் அவை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் காலனி அரசும் வாழைப்பழக் கப்பல் கம்பெனிகளும் ஓட்டல் முதலாளிகளும் சேர்ந்து அதே தீவுகளைச் சொர்க்கமாக விற்க இறங்கினார்கள். 1891-ல் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் ஒரு சர்வதேசப் பொருட்காட்சியே நடத்தினார்கள். இந்த விற்பனைக்கு முக்கியமான கருவி கேமராதான். சுத்தமான தெரு, சாய்ந்த தென்னை, தலையில் கூடையோடு சிரிக்கிற பெண், இதெல்லாம் 'இங்கே பயமில்லை, வாருங்கள்' என்று சொல்வதற்காக எடுத்த படங்கள். பஹாமாஸைச் சேர்ந்த கலை வரலாற்றாசிரியர் கிறிஸ்டா தாம்சன் இதை 2006-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். அதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு: படத்தில் இருப்பது போலத் தெரியவேண்டும் என்பதற்காக இடத்தையே மாற்றியிருக்கிறார்கள்.

இப்போது அந்தத் தீவில் பிறந்த ஒருவர் கேமராவைக் கையில் எடுக்கிறார் என்று வையுங்கள். அவர் கடலைப் பார்த்துத் திருப்பினாலே போதும், நூறு வருஷத்துப் போஸ்ட்கார்டும் குறுக்கே வந்து நிற்கும். அதைத் தாண்டி எப்படிப் பார்ப்பது என்பதுதான் அங்கே ஒவ்வொருவருக்கும் இருக்கிற சிக்கல், ஆளுக்கு ஒரு விதமாக அதைச் சமாளிக்கிறார்கள்.

செயின்ட் வின்சென்ட் தீவில் வேலை செய்யும் நாடியா ஹக்கின்ஸ் கடலை விட்டு ஓடவில்லை, நேராக அதற்குள்ளேயே இறங்கிவிட்டார். கடலில் குதிக்கும் பையன்களைத் தண்ணீரோடு தண்ணீராக இருந்து எடுத்தார். சுற்றுலாப் பயணி நிற்கும் கரையிலிருந்து பார்த்தால் அந்தப் படங்கள் கிடைக்கவே கிடைக்காது. டிரினிடாடின் ராடெல் வார்னர் காலனிக் காலத்துப் பழைய புகைப்படங்களை எடுத்து, அவற்றின் மேல் டிஜிட்டலில் செய்த அசையும் உருவங்களை வைக்கிறார். அதே டிரினிடாடின் அபிகேல் ஹதீத், மத்திய அமெரிக்காவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட கரீபியன் குடும்பங்களின் சந்ததியைத் தேடிப் போய் எடுத்தவர். ஜமைக்காவின் மார்லன் ஜேம்ஸ் ஆட்களின் முகங்களை எடுப்பவர் (புக்கர் பரிசு வாங்கிய நாவலாசிரியர் மார்லன் ஜேம்ஸ் வேறு ஆள், கூகுளில் தேடும்போது குழம்பாதீர்கள்). ஜமைக்காவில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய ரட்டி ராய் தெருவில் சந்திக்கிற மனிதர்களை எடுத்து, அவர்கள் கதையோடு இன்ஸ்டாகிராமில் போட்டார். 2016-ல் டைம் பத்திரிகை அவரை அந்த வருஷத்தின் இன்ஸ்டாகிராம் புகைப்படக்காரர் என்று தேர்ந்தெடுத்தது. இவ்வளவு இருந்தும் உங்களுக்கும் எனக்கும் கண்ணில் பட்டது கடற்கரை மட்டும்தானே, அதனால்தான் படம் எடுக்கப் போனோம்.

விஸ்காம் முடித்திருக்கிறேன். ஸ்பான்சர் கிடையாது, நாங்கள் மூன்று பேர்தான். இப்படி ஒரு படம் எங்களால் முடியுமா?
– வாசகி, ஈரோடு

முடியும்மா, நாங்களும் மூன்று பேர்தான். ஒலி பார்க்கத் தனியாக ஆள் இல்லை, எடிட்டரான நானே மைக்கைப் பிடித்தேன். ஆனால் 'கரீபியன்' என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, அது பக்கத்துப் பக்கத்து ஊர் இல்லை. கிங்ஸ்டனிலிருந்து டிரினிடாடின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் சுமார் 1,800 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சென்னைக்கும் டெல்லிக்கும் உள்ள தூரம், நடுவில் கடல். பக்கத்துத் தீவுக்குப் போக மியாமிக்குப் போய்த் திரும்பி வருவதெல்லாம் அங்கே சாதாரணம். இந்திய பாஸ்போர்ட்டில் போகும் நீங்கள் மியாமியில் விமானம் மாறுவதற்கு மட்டும்கூட அமெரிக்க விசா எடுத்தாக வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடித்தால் படம் நின்றுவிடும். எட்டுத் தீவு, இருபது கலைஞர் என்று பட்டியல் போடாதீர்கள், இரண்டு தீவு, நாலு பேர் போதும். ஒவ்வொருவரோடும் பத்து நாள் இருங்கள். முதல் மூன்று நாள் கேமராவை எடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. மற்றவரைப் படம் எடுத்தே பழகியவருக்குத் தன் முகத்துக்கு நேராக லென்ஸ் வரும்போது ஏற்படும் கூச்சம் சாதாரண ஆட்களுக்கு இருப்பதைவிட அதிகம்.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். டிரினிடாட் தெற்கே இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடும், ஆனால் மழை உண்டு, ஜனவரி முதல் மே வரைதான் அங்கே வறண்ட காலம். போர்ட் ஆஃப் ஸ்பெயின் கிட்டத்தட்ட நம் திருச்சியின் அட்சரேகையில் இருக்கிறது, அதனால் உச்சி வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு மணிக்கு மேல் வெளியே நிற்க வைத்து முகத்தை எடுத்தால் கண்ணுக்குக் கீழே இரண்டு பள்ளம்தான் தெரியும்.

அப்புறம் கரன்ட். இதை நாங்கள் நஷ்டப்பட்டுத்தான் கற்றோம். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, ட்யூப்லைட்டும் அந்தத் தாளத்துக்கு ஏற்பத்தான் மினுக்கும், அந்தப் பழக்கத்தில் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு நொடிக்கு வைத்துவிட்டு மறந்துவிடுவோம். ஜமைக்காவிலும் பார்படாஸிலும் 50-தான், பிரச்சினையில்லை. டிரினிடாடில் 60. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு வீட்டில், ட்யூப்லைட் வெளிச்சத்தில் நாற்பது நிமிடம் பேட்டி எடுத்தோம். ஒரு மூத்த கலைஞர், தன் முதல் கேமராவை விற்க நேர்ந்த கதையை அன்றைக்குத்தான் சொன்னார். கேமராவின் சின்னத் திரையில் எதுவும் தெரியவில்லை. ராத்திரி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் அவர் முகத்தின் மேல் மங்கலான பட்டை ஒன்று மேலும் கீழுமாக ஊர்ந்துகொண்டே இருக்கிறது. ஷட்டரை அறுபதில் ஒரு பங்குக்கு மாற்றியிருந்தால் போதும். மறுநாள் திரும்பப் போய்க் கேட்டோம், அவரும் பொறுமையாகச் சொன்னார், ஆனால் முதல் தடவை சொன்னபோது நடுவில் நிறுத்திச் சன்னல் பக்கம் பார்த்தாரே, அது மறுபடி வரவில்லை. கடைசியில் முதல் நாள் குரலைத்தான் வைத்துக்கொண்டு, படத்துக்குப் பதில் அவருடைய பழைய பிரிண்ட்களைக் காட்டினேன்.

சினிமா அசையும், புகைப்படம் அசையாது. திரையில் ஸ்டில்லாகவே காட்டிக்கொண்டிருந்தால் பார்ப்பவர்கள் செல்போனை எடுத்துவிட மாட்டார்களா? ஜூம், பேன் எல்லாம் செய்தீர்களா?
– குறும்பட இயக்குநர், மதுரை

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன், படம் முழுக்க எங்களுக்குள் நடந்த சண்டையே இதுதான். முதல் தடவை எடிட் செய்தபோது எல்லா ஸ்டில்லுக்கும் மெதுவான ஜூம் போட்டிருந்தேன், கை தானாக அப்படித்தான் செய்யும். இயக்குநர் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எடு என்றார். கோபமாகத்தான் எடுத்தேன், எடுத்த பிறகு புரிந்தது.

ஹக்கின்ஸின் ஒரு தொடர் இருக்கிறது. இரண்டு படம் பக்கத்துப் பக்கத்தில்: ஒன்றில் தண்ணீருக்கடியில் அவருடைய உடல், முகம் அல்லது தோள். இன்னொன்றில் கடல் முள்ளெலி, பவளம் மாதிரி ஏதோ ஒரு கடல் உயிர். இரண்டும் சேர்ந்து ஒரே உருவம் போலத் தோன்றும், ஆனால் ஒட்டியிருக்காது, நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பார். மனித உடல் எங்கே முடிந்து கடல் எங்கே ஆரம்பிக்கிறது என்று நம் கண் தேடுவது அந்த இடைவெளியில்தான். இப்போது நான் எடிட்டர் புத்தியோடு முதலில் இடது படத்தைக் காட்டி, கட் செய்து வலது படத்துக்குப் போனால் என்ன ஆகும்? ஒரு பெண், ஒரு முள்ளெலி, அவ்வளவுதான், இடைவெளி போயே போச்சு. கேமராவை இடமிருந்து வலமாக நகர்த்திப் பேன் செய்தாலும் அதே கதிதான், ஏனென்றால் எந்த நொடியிலும் இரண்டும் முழுசாகக் கண்ணில் படாது. ஒரு புகைப்படக்காரர் சட்டகத்தின் நாலு ஓரத்தையும் யோசித்து முடிவு செய்திருக்கிறார். நாம் உள்ளே ஜூம் போகும்போது அவர் முடிவைத் தள்ளிவிட்டு நம் முடிவை வைக்கிறோம். அவரைப் பற்றிய படத்திலேயே அவர் வேலையை வெட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் நாங்கள் வைத்துக்கொண்ட வழி: எந்தப் படத்தையும் வெட்டுவதில்லை, திரையின் நீளத்துக்கு இழுப்பதில்லை. சதுரமான படம் சதுரமாகவே இருக்கட்டும், சுற்றிச் சாம்பல் நிறம். எந்தப் படமும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது. முதல் முறை வரும்போது அதன் மேல் யாரும் பேசவும் கூடாது, இசையும் கிடையாது. பத்து நொடி என்பது எடிட்டிங் மேசையில் ரொம்ப நீளமாகத் தெரியும், நான் நாலாவது நொடியிலேயே கட் செய்யத் துடிப்பேன். சென்னையில் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் போட்டுக் காட்டினோம். நாலு நொடியில் 'அழகான படம்' என்ற முகம்தான் வந்தது. ஏழெட்டு நொடிக்கு மேல்தான் ஆட்கள் முன்னால் சாய்ந்து ஓரங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். செல்போனை யாரும் எடுக்கவில்லை.

அசைவு வேண்டுமா, அதைப் பிரிண்ட் இருக்கிற இடத்தில் தேடுங்கள். ஒரு கலைஞரின் வீட்டில் கட்டிலுக்குக் கீழேயிருந்து தகரப் பெட்டியை இழுத்தார், சிமென்ட் தரையில் அது உராய்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உள்ளே பிரிண்ட்களுக்கு நடுவே மெல்லிய தாள், மூலையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். அந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் நெகட்டிவில் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றுவதே பாதி வேலை என்றார். ஒவ்வொரு பிரிண்டையும் இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, சன்னல் வெளிச்சம் பளபளக்காதபடி லேசாகச் சாய்த்து, தானே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் திருப்பினார். ஒன்றில் வெள்ளைப் புள்ளிகள் மரு மாதிரி பரவியிருந்தன. அதை மட்டும் திருப்பிக் காட்டாமல் உள்ளே வைத்துவிட்டார். அந்தக் காட்சி படத்தில் ஆறு நிமிடம் கட் இல்லாமல் ஓடுகிறது. அதைச் சுருக்கச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள், சுருக்கவில்லை.

அவர்களுடைய படங்களைப் பயன்படுத்தப் பணம் கொடுத்தீர்களா? அவர்களுக்கும் விளம்பரம்தானே?
– வாசகர், சேலம்

கொடுத்தோம், கொடுக்கத்தான் வேண்டும். 'உங்களுக்கு விளம்பரம்' என்று சொல்லி இலவசமாகக் கேட்பதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அலுத்துப்போயிருக்கிறது. பேட்டிக்கு ஒப்புதல் வேறு, படத்தைத் திரையில் காட்டும் உரிமை வேறு. இரண்டுக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள், திரைப்பட விழாவுக்கு மட்டுமா, டிவிக்குமா, இணையத்துக்குமா, எத்தனை வருஷத்துக்கு என்று தெளிவாக. பழைய படம்தானே என்றும் அசட்டையாக இருக்காதீர்கள். கலைஞர் இறந்த பிறகு 50 வருஷம் என்றிருந்த காப்புரிமைக் காலத்தை ஜமைக்கா 2015-ல் 95 வருஷமாக நீட்டிவிட்டது. டிரினிடாடில் இன்னொன்று: கார்னிவல் என்ற தெருத் திருவிழாவில் ஆட்கள் போட்டு ஆடும் 'மாஸ்' உடை அலங்காரத்துக்கே அங்கத்திய சட்டத்தில் காப்புரிமை உண்டு. தெருவில்தானே ஆடுகிறார்கள் என்று எடுத்துப் படத்தில் போட்டுவிட முடியாது, கார்னிவல் நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசி அனுமதி வாங்க வேண்டும்.

பழைய படங்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. 1840-களிலிருந்து எடுக்கப்பட்ட 3,500-க்கும் மேற்பட்ட கரீபியன் புகைப்படங்கள் ஒரே தொகுப்பாக இன்றைக்கு இருப்பது கனடாவின் டொரொன்டோவில், ஒன்டாரியோ கலைக்கூடத்தில். 2019-ல் அவர்கள் வாங்கினார்கள், 2021-ல் இன்றைய கலைஞர்களின் வேலைகளோடு சேர்த்துப் பெரிய கண்காட்சியாகவும் வைத்தார்கள். நல்ல கண்காட்சி, பாதுகாப்பாகவும் இருக்கின்றன. ஆனாலும் கிங்ஸ்டனில் இருக்கும் ஒரு இளைஞர் தன் கொள்ளுப் பாட்டி காலத்துத் தெருவைப் பார்க்க டொரொன்டோவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு மனசு ஆறவில்லை.

அங்கே தமிழர்கள் போயிருக்கிறார்கள் அல்லவா? படத்தில் அது வருகிறதா?
– வாசகி, காரைக்கால்

உங்கள் ஊரிலிருந்து கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்: குவாதலூப், மார்டினிக் என்ற பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிய கப்பல்கள் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும்தான் நிறையப் புறப்பட்டன. மார்டினிக்குக்கு 1853-ல், குவாதலூப்புக்கு 1854 டிசம்பரில் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. குவாதலூப்பில் இன்றும் மாரியம்மனை 'மாலியெமென்' என்று கும்பிடுகிறார்கள். மதுரை வீரன்கூட அங்கே பெயர் மாறி இருக்கிறார். டிரினிடாட், கயானாவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் வட இந்தியர்கள், சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களை அங்கே 'மதராசி' என்றார்கள்.

புகைப்படத்துக்கும் இதற்கும் நேரான சம்பந்தம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டுப் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்கள் இந்தியப் பெண்களை நகையோடு நிற்க வைத்து எடுத்து, போஸ்ட்கார்டாக விற்றார்கள். கீழே 'கூலிப் பெண்' என்று அச்சடித்திருக்கும், பெயர் இருக்காது. கையில் முழங்கை வரை வெள்ளி வளையல், கண் நேராக நம்மைப் பார்க்கும். இந்தோ-கரீபியன் பின்னணி கொண்ட ரோஷினி கெம்படூ, டிரினிடாடின் தோட்ட ஆவணங்களை வைத்து, அவற்றில் குரல் இல்லாமல் போனவர்களுக்காக 2004-ல் ஒரு படைப்பே செய்திருக்கிறார். எங்கள் படத்தில் இந்தப் பகுதி ஏழு நிமிடம் வருகிறது. 'தமிழ்த் தொடர்பை முன்னால் வை, இங்கே ஓடும்' என்று சிலர் சொன்னார்கள். வைக்கவில்லை. நாங்கள் எடுத்த நாலு பேரில் மூன்று பேர் ஆப்பிரிக்க வம்சாவளியினர், அவர்களுடைய படத்தை நம் சொந்தக்காரர் தேடும் படமாக ஆக்குவது நியாயமாகப் படவில்லை. மாலியெமென் பற்றி ஒருவர் தனியாகவே படம் எடுக்க வேண்டும். காரைக்காலிலிருந்து நீங்களே எடுக்கலாம் அம்மா.

அவர்கள் பேசும் இங்கிலீஷ் புரியுமா? சப்டைட்டில் எப்படிப் போட்டீர்கள்?
– வாசகர், பெங்களூரு

ஒரு வாரத்தில் காது பழகிவிடும். ஜமைக்காவின் பேச்சு மொழியான பட்வாவுக்கும் டிரினிடாடின் பேச்சுக்கும் நிறைய வித்தியாசம், பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனால் அங்கே பேசும் கிரியோல் என்ற கலப்பு மொழியே வேறு. சப்டைட்டிலில் நாங்கள் அவர்கள் பேச்சை 'நல்ல' இங்கிலீஷாகத் திருத்தவில்லை. ஒவ்வொரு வரியையும் பேசியவருக்கே அனுப்பிச் சரி வாங்கினோம். ஒரு மாதம் கூடுதலாகப் பிடித்தது.

படம் முடிந்தாயிற்று, யாருக்கு முதலில் காட்டுவது? நேரே பெரிய திரைப்பட விழாவுக்கு அனுப்பலாமா?
– உதவி இயக்குநர், சென்னை

முதலில் படத்தில் இருப்பவர்களுக்கு, அவர்கள் ஊரிலேயே. பெரிய விழாவை விட்டுவிடச் சொல்லவில்லை: போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 2006-லிருந்து நடக்கும் டிரினிடாட் டொபேகோ திரைப்பட விழா இருக்கிறது, செப்டம்பரில் வரும். மியாமியில் கரீபியன் படங்களுக்கென்றே தேர்ட் ஹொரைசன் விழா நடக்கிறது. ஆனால் இந்தக் கலைஞர்கள் ஒருவர் வேலையை ஒருவர் பார்த்து வளர்ந்தது பெரிய கலைக்கூடங்களில் மட்டும் இல்லை. போர்ட் ஆஃப் ஸ்பெயினின் உட்புரூக் பகுதியில் ஒரு வீட்டின் பின்முற்றத்தில் 2006-ல் ஆரம்பித்த ஆலிஸ் யார்ட் மாதிரி இடங்களும் அதற்குக் காரணம். ஒரு கட்டிடக் கலைஞர், ஒரு ஓவியர், ஒரு எழுத்தாளர் சேர்ந்து நடத்தியது. அங்கிருந்து வளர்ந்து 2022-ல் ஜெர்மனியின் டாகுமென்டா கண்காட்சி வரை போனார்கள். பார்படாஸில் ஃப்ரெஷ் மில்க், கிங்ஸ்டனில் என்.எல்.எஸ். என்று மற்றத் தீவுகளிலும் கலைஞர்களே நடத்தும் இடங்கள் உண்டு. அந்த மாதிரி இடத்தில் ஒரு புரொஜெக்டரும் வெள்ளைத் துணியும் இருந்தால் போதும்.

நாங்கள் அப்படி ஒரு வீட்டு முற்றத்தில்தான் முதலில் போட்டோம். நாற்பது பேர் இருந்திருப்பார்கள், பாதிப் பேர் நின்றுகொண்டு பார்த்தார்கள். தகரப் பெட்டிக் காட்சி முடிந்ததும் அந்தக் கலைஞர் எழுந்து போய்விட்டார், எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. அரை மணி கழித்து, அன்றைக்குக் காட்டாமல் உள்ளே வைத்த பூஞ்சை பிடித்த பிரிண்டை எடுத்துக்கொண்டு வந்து, எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

நீங்கள் நாள் குறிக்கும்போது வறண்ட காலமாகப் பாருங்கள், திறந்த முற்றத்தில் மழை வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கார்னிவல் வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அந்த வாரம் புகைப்படக்காரர் ஒருவர்கூட வீட்டில் இருக்க மாட்டார்.